அறுபது கிலோ

நிறுவல் முடிந்தது என்றது.
மறுபடி தொடங்கு என்றது.
தொடங்கினேன்.
லோகோ ஒருமுறை எட்டிப் பார்த்தது,
அப்புறம் கறுப்பு.

காவேரிப்பட்டினம், மாதேஸ்வரா எடைமேடை.
ஆனி மாதம், இரவு பதினொன்று நாற்பது.
வெளியே பதினாலு லாரி,
எல்லாவற்றிலும் பெங்களூரா,
கூழ் ஆலைக்குப் போகிற காய்.
விடிவதற்குள் எடை போடாவிட்டால்
அடியில் கிடப்பது
தானே கூழாகிவிடும்.

"வந்திச்சா?"
ஜன்னலில் முனிரத்தினம். முதல் லாரி.
ஒன்பது மணியிலிருந்து அவர்தான் முதல்.

செத்த மெஷின் இல்லை இது.
விசிறி சுற்றுகிறது.
கேப்ஸ் லாக்கைத் தட்டினால்
சின்னப் பச்சை விளக்கு எரிகிறது, அணைகிறது.
உள்நுழையும் பக்கம் வந்ததற்கான டொக் சத்தம்கூட
ஸ்பீக்கரில் கேட்டது.
எல்லாம் நடக்கிறது,
காட்டத்தான் தெரியவில்லை.

"இதுக்கு டிரைவர் இல்லீங்க" என்றேன்.
"பதினாலு பேர் நிக்கிறோமே" என்றார்.

ஷிஃப்டை அழுத்திக்கொண்டு மறுபடி.
தொடக்க வரியின் கடைசியில்
நோமோட்செட் என்று சேர்த்தேன்.
கார்டோடு வம்புக்குப் போகாதே,
கையில் இருப்பதை வைத்துக் காட்டு
என்று அர்த்தம், ஏறக்குறைய.

வந்தது.
எண்ணூறுக்கு அறுநூறு.
ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் பருமன்.
நசீமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்தாள்.
மொத்த எடை தெரிகிறது,
வண்டி எடை தெரிகிறது,
நிகர எடை வலப்பக்கம்
சுவருக்குள் போய்விட்டது.
சேமி பொத்தானும் அங்கேதான்.
"பேப்பர்ல கழிச்சுக்கலாம்" என்றாள்.
"யார் கழிக்கிறது?" என்றது ஜன்னல்.

சரியான டிரைவர் முந்நூற்றுச் சொச்சம் எம்பி.
அறைக்குள் சிக்னல் ஒரு கோடு, அதுவும் வந்து வந்து போகிறது.
போனை நீட்டிப் பிடித்து
வெளியே நடந்து நடந்து
மூன்று கோடு கிடைத்த இடத்தில் நின்றேன்.
தலைக்கு மேல் சிவப்பு எண்கள்:
60.

லாரிக்காகக் காலியாக விட்ட தகட்டின் நடுவில்
நான்.
நாற்பது டன் தாங்கும்,
பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
என் ஐம்பத்தாறை அதுவாக
ரவுண்டாக்கியிருந்தது.

முனிரத்தினம் ஏறினார். 140.
இருபத்தெட்டு சதவீதம்.
கிளீனர் பையன்கள் இரண்டு பேர்,
டீ கொண்டுவந்தவர் கெட்டிலோடு.
நசீமா கல்லாவை விட்டு நகரவில்லை.
ஒன்பது பேர், 610.
எழுபத்தொன்றில் நின்றது.
யாரும் கால் மாற்றவில்லை,
மாற்றினால் சிக்னல் சரிந்துவிடும் என்பதுபோல.
கெட்டிலில் இருந்து மட்டும் ஆவி.

நூறு.

பழைய டிரைவரை விலக்குப் பட்டியலில் போட்டேன்,
புதியதை ஏற்றினேன்.
நீலத் திரை ஒன்று வந்து கடவுச்சொல் கேட்டது,
கையொப்பமில்லாதவனை உள்ளே விடச் சொன்னது யார்
என்கிற மாதிரி.
பத்து நிமிடம் முன்பு நானே வைத்த சொல்.
மறந்திருந்தேன்.
பயாஸுக்குள் போய்
அந்தக் காவலையே நிறுத்திவிட்டேன்.
சரியான வழி அதுவல்ல. மணி ஒன்றரை.

லோகோ.
கறுப்பு.
ரெண்டு, மூணு, நாலு...
எண்ணியது நான் அல்ல, ஜன்னல்.
ஏழில் வந்தது.

ஓரத்துக்கு ஓரம் திரை.
நிகர எடை, சேமி, அதது அதனதன் இடத்தில்.
வெளியே முனிரத்தினம் லாரியைத் தகட்டில் ஏற்றினார்.
நசீமா கிட்டே குனிந்தாள்,
கண்ணாடியை மாட்டினாள்,
கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள்.
"எல்லாம் எறும்பா இருக்குதே.
அந்தப் பெருசே நல்லா இருந்திச்சு."

அமைப்புகள். காட்சி. நூற்றைம்பது சதவீதம்.
நிகர எடை மறுபடி சுவருக்குள் நகர்ந்தது.
நூற்றிருபத்தைந்து.
பொத்தான் பாதி தெரிந்தது.
எடையில் கடைசி இலக்கம் மட்டும் வெளியே.

"அது எப்பவும் சைபர்தான்" என்று
ரசீதை அடித்தாள்.